அல் ஐனில் தூங்கப் போன செடிகள்

துபாய் விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி முதலில் கவாத்துக் கத்தரியை எடுத்து மேசைமேல் வைத்தார். அடுத்து ஒரு சின்ன ரம்பம். அதற்கடுத்து ஈரச்சாக்கில் சுற்றிய கறிவேப்பிலைக் கன்று. மூன்றையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண், தன்னந்தனியாக, ரம்பத்தோடு இந்த ஊருக்கு எதற்கு வருகிறாள் என்பது அவருக்கு விளங்கவில்லை. நானும் பரீட்சைக்குப் படித்துத் தேறிய என் இந்தியில் விளக்கிப் பார்த்தேன். அவர் அதை விட்டுவிட்டுக் கன்றிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். முகம் மலர்ந்தது. பக்கத்து மேசைக்காரருக்கும் ஒன்று கிள்ளிக் கொடுத்தார். இரண்டு இலை குறைந்த கன்றோடு வெளியே வந்தேன்.

நான் போனது செடி பார்க்க. பொன் வாங்க, பிள்ளைக்கு வேலை தேட, டேப் ரிக்கார்டர் வாங்க என்று பலபேர் வளைகுடாவுக்குப் பறந்துகொண்டிருந்த எழுபதுகளில், செடிக்காகப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

குன்னூரில் எனக்கும் என் கணவருக்கும் ஒரு நாற்றுப்பண்ணை உண்டு. வேலியோரம் பவளக்குறிஞ்சி வைத்திருக்கிறோம். வெள்ளைக்காரர்கள் கிரேப் மிர்ட்டில் என்பார்கள். ஆள் உயரத்துக்குப் புதராக வளரும். கோடையில் பூக்கும். டிசம்பர் குளிரில் இலையெல்லாம் சிவந்து, பிறகு மொத்தமாக உதிர்ந்து, குச்சி குச்சியாக நிற்கும். மாசி கடந்தால் மறுபடி துளிர்க்கும்.

அரபு நாட்டில் வசதியுள்ளவர்கள் மழை பார்ப்பதற்கென்றே இந்தியா வருவார்கள். அப்படி வந்தவர்தான் ஹமத். அல் ஐன் என்ற ஊரில் கட்டட கான்ட்ராக்டர். மழை நின்ற பிறகும் அவர் மனைவி மரியம் குன்னூரை விட்டுக் கிளம்ப மறுத்துவிட்டார். அந்த டிசம்பரில் எங்கள் வேலியைப் பார்த்தவர், அதே செடிகள் தன் வீட்டுத் தோட்டத்திலும் வேண்டும் என்றார். பங்குனியில் இருபது செடிகளைத் தொட்டியோடு விமானத்தில் ஏற்றி அனுப்பினோம். நன்றாக வளர்கின்றன, பூத்துவிட்டன என்று இடையிடையே சேதி வந்தது.

டிசம்பரில் ட்ரங்க் கால் வந்தது. இருபதும் செத்துவிட்டன என்றார் ஹமத். இலை சிவக்கவே இல்லையாம். பழுப்படித்து, கொட்டி, வெறும் குச்சியாம். தோட்டக்காரன் சரியில்லை, அவனும் உங்கள் மதராஸ் பக்கத்து ஆள்தான், அவனைத் திருப்பி அனுப்பப்போகிறேன் என்றார்.

செடி செத்திருக்காது, இலை உதிர்த்துத் தூங்குகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. "தூங்குகிறது, தூங்குகிறது" என்று இந்தியில் தொண்டை கிழியக் கத்தினேன். கரகரப்புக்கு நடுவே பதில் வந்தது: "ஆமாம், நானும் கேள்விப்பட்டேன். அவன் எப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறான்."

அதோடு லைன் அறுந்துவிட்டது.

முகம் தெரியாத ஒருவன் வேலையில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனே என்றிருந்தது. மறுநாள் கூப்பிட்டு, நானே வந்து பார்க்கிறேன், அதுவரை யாரையும் அனுப்பவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். விசாவும் டிக்கெட்டும் ஹமத் பார்த்துக்கொண்டார். என் கணவர் வரவில்லை. மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் கொண்டை ஊசி வளைவுகளில் பாதி உயிர் போய்விடும் அவருக்கு. ஆகாயத்தில் மீதியும் போய்விடும் என்று பயந்தார்.

முதல் நாள் துபாயின் கராமா பகுதியில் என் தம்பி ரவி வீட்டில் தங்கினேன். அவன் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். கராமா அப்போது புத்தம்புதிது. வண்ணம் காயாத மாடிக் கட்டடங்கள், நடுவே மணல், மணலில் கிரிக்கெட். ரவியின் மனைவி லலிதா கறிவேப்பிலைக் கன்றைக் கையில் வாங்கியதும் என்னை மறந்துவிட்டாள். பால்பவுடர் டின்னில் மண் போட்டு நட்டு, பால்கனியில் வைத்து, கீழ்வீட்டு மலையாளத்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

சாம்பாரில் பாகிஸ்தான் வெங்காயம், ஈரான் கத்தரிக்காய், எந்த நாட்டுப் பருப்பென்று தெரியாத ஒரு பருப்பு. ருசியில் குறையில்லை. பக்கத்து ஃப்ளாட் பேச்சிலர் ரூம். ஒரே அறையில் எட்டுப் பேராம். மீன் பொரிக்கிற வாசனை சுவர் தாண்டி வந்தது. ரவியின் மகள் என் ரம்பத்தைத் தொட்டுப் பார்த்து, "அத்தை, ஆர் யூ எ டாக்டர் ஃபார் ட்ரீஸ்?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

ரவிக்கு நான் போவது பிடிக்கவில்லை. "அக்கா, அவங்க கம்பெனி விஷயம் அது. செடியைப் பாரு, சொல்லிட்டு வா. ஆளு விஷயத்துல தலையிடாதே. இங்க கஃபீல் வச்சதுதான் சட்டம்" என்றான். கஃபீல் என்றால் வேலைக்கு அழைத்துவந்து பொறுப்பேற்றிருப்பவர். சரி சரி என்று தலையாட்டினேன். அக்காக்கள் தம்பிகளுக்குத் தலையாட்டுவதோடு சரி.

மறுநாள் காலை ஹமத்தின் பிக்கப் வண்டி வந்தது. டிரைவர் குல், ஆறடிக்கு மேலிருந்த பட்டாணியர். என்னை முன் சீட்டில் ஏற்றிவிட்டு, எனக்கும் அவருக்கும் நடுவே மரியாதைக்கு ஒரு பேரீச்சம்பழப் பெட்டியை வைத்தார். வழியெல்லாம் அந்த வேலி கரைந்துகொண்டே வந்தது. இருவரும் எடுத்துத் தின்றோம்.

நகரம் முடிந்ததும் மணல். நான் நினைத்திருந்த வெளிறிய மணல் கொஞ்ச தூரம்தான். அல் ஐன் நெருங்க நெருங்க மணல் மேடுகள் செங்கல் பொடியாகச் சிவந்தன. இவ்வளவு சிவப்பைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு, சிவந்த இலைக்காகவா இவர்கள் என்னை அழைத்தார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

சிரித்து முடிப்பதற்குள் ரோட்டில் ஓர் ஒட்டகம். நம்மூர் எருமையாவது ஹாரனுக்குத் தலையைத் திருப்பிப் பார்க்கும். இது அதைக்கூடச் செய்யவில்லை. குல் வண்டியை ஒடித்தார். பின் சக்கரம் இரண்டும் மணலில் இறங்கிவிட்டன. அவர் பதறவில்லை. டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டார். பின்னால் கிடந்த ஈச்ச ஓலைப் பாயைச் சக்கரத்தடியில் செருகி, என்னை ஸ்டியரிங்கில் உட்காரச் சொன்னார். எனக்கு ஓட்டத் தெரியாது என்றேன். மிதித்தால் போதும், தெரியவேண்டியதில்லை என்றார். மிதித்தேன். வண்டி பாய்ந்து ரோட்டுக்கு ஏறி, ரோட்டையும் தாண்டி மறுபக்க மணலில் இறங்கி நின்றது. குல் அங்கேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தப் பக்கத்திலிருந்து மீட்க ஒரு லாரி வரவேண்டியிருந்தது. லாரிக்காரர்கள் ஃபிளாஸ்க்கிலிருந்து பாலில்லாத டீ ஊற்றிக் கொடுத்தார்கள். ஏலக்காயும் சர்க்கரையும் தூக்கலாக இருந்தன. ஊட்டிக் குளிரில் குடித்த எந்த டீயும் அவ்வளவு இதமாக இருந்ததில்லை.

ஹமத் வீட்டை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மதில் சூழ்ந்த பெரிய தோட்டம். பேரீச்சை, எலுமிச்சை, நடுவே தண்ணீர்த் தொட்டி. மதிலோரமாக வரிசையாக என் செடிகள், இருபதும் மொட்டையாக. பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தவர்தான் தோட்டக்காரர் முனியாண்டி. பரமக்குடிப் பக்கம். முப்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் கும்பிட்டார். முகத்தில் கலக்கம் எதுவும் தெரியவில்லை. பாவம், அழுத்தமான ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஹமத் வந்தார். நலம் விசாரித்துவிட்டுக் குச்சிகளைக் கையால் காட்டினார். நான் முதல் செடியின் பட்டையை நகத்தால் கீறினேன். உள்ளே பசேலென்று ஈரம். அவர் குனிந்து பார்த்தார். அடுத்த செடியை அவரையே கீறச் சொன்னேன். அதிலும் பச்சை. பிறகு வரிசையாக அவரே கீறிக்கொண்டு போனார். வரிசையின் கோடியில் இரண்டு செடிகள் மட்டும் உள்ளேயும் காய்ந்திருந்தன. அங்கே தண்ணீர் தேங்கி உப்புப் பூத்திருந்தது. அவை செத்தவைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

செத்தது இரண்டுதான், மற்றவை தூங்குகின்றன என்று, இந்த முறை கன்னத்தில் கைவைத்துக் கண்ணை மூடிக் காட்டிச் சொன்னேன். போனில் சொன்னதும் இதைத்தான், ஆளைப் பற்றியல்ல என்றேன். ஹமத் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பின்னே ஏன் சிவக்கவில்லை என்று கேட்டார். எவ்வளவு தண்ணீர் என்று முனியாண்டியைக் கேட்டேன். காலையும் மாலையும், ஹமத் சொன்னபடியே, நேற்றுவரைக்கும் என்றார். எருவும் மாதாமாதம், அதுவும் அவர் சொன்னபடியே. பொழுது சுருங்கி, ராத்திரி குளிர்ந்து, வேரில் ஈரம் குறையும்போதுதான் இந்தச் செடிக்கு இலையைக் கைவிடலாம் என்ற எண்ணம் வரும். அப்போதுதான் நிறம் ஏறும். நாம் விருந்து வைத்துக்கொண்டே இருந்தால் அது எப்படிப் படுக்கப் போகும்? பச்சையாகவே இருந்து, கடைசியில் ஒரு ராத்திரிக் குளிரில் கருகிக் கொட்டியிருக்கிறது. இதையெல்லாம் என் இந்தியில் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஆளின் குற்றமில்லை, அன்பு கூடிப்போனதுதான் குற்றம் என்று முடித்தேன். ஹமத் முனியாண்டியின் தோளில் தட்டி, "கலாஸ்" என்றார். பேச்சு முடிந்தது, நீ இங்கேயே இருக்கலாம் என்று அர்த்தம்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடல் தாண்டி வந்து ஒருவன் பிழைப்பைக் காப்பாற்றியாயிற்று. முனியாண்டியைத் திரும்பிப் பார்த்தேன். முகம் விழுந்துவிட்டிருந்தது.

ஹமத் உள்ளே போனதும் என்னவென்று கேட்டேன். அவர் குழாயை மூடிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"நீங்க நல்லதுதான்க்கா செஞ்சீங்க. ஆனா நான் ஊருக்குப் போறம்னு சட்டையெல்லாம் தொவைச்சு மடிச்சு வச்சிட்டேன்."

"போறதுக்கு ஆசைப்பட்டா இருந்தீங்க?"

"நான் இங்க வந்தப்பறம்தான்க்கா புள்ள பொறந்துச்சு. பொம்பளப்புள்ள. தவழுதாம். ரெண்டு வருசம் கழிச்சுத்தான் லீவு. நானா போறேன்னா கான்ட்ராக்ட்ட முறிச்சதாயிரும், திரும்பி வரமுடியாது. அவுகளா அனுப்புனா கம்பெனி டிக்கெட்டு, ஊர்லயும் ஒண்ணும் சொல்லமாட்டாக. செடி செத்துப்போச்சு, நான் என்ன செய்யன்னு சொல்லிக்கிடலாம்."

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் பட்ட பாடென்ன, மணலில் இறங்கியதென்ன. பிறகு அவர் ஒன்று சொன்னார். அந்தத் தோட்டத்தில் அவர் ஒருவர்தான் தமிழ். மற்ற ஆட்களெல்லாம் தொலைவில், அபுதாபிப் பக்கம் முசஃபா தொழிலாளர் கேம்ப்பில். விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை யாராவது வந்தால் உண்டு. "உங்ககிட்ட பேசுற இந்தப் பேச்சுத்தான்க்கா இந்த மாசத்துல நான் பேசுன முழுப்பேச்சு" என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் குல் என்னைப் பேரீச்சந்தோப்பு பார்க்கக் கூட்டிப் போனார். மலையடிவாரத்திலிருந்து சிறு வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து வந்து தோப்புக்குள் பிரிகிறது. ஆளுக்கு இத்தனை நேரம் என்று முறைத் தண்ணீர். தஞ்சாவூரில் இந்த முறைக்காக மண்டை உடையும். இங்கே ஒரு கிழவர் நிழலை அளந்து மடையைத் திருப்பிவிட்டுப் போனார். சண்டையில்லை. அந்தப் பேரீச்சை நிழலில்தான் பார்த்தேன், மாதுளைப் புதர்கள். இலை முழுக்கத் தங்க மஞ்சள். காற்றடித்தபோது வாய்க்காலில் விழுந்து மிதந்து போயின. நான் அங்கேயே நின்றுவிட்டேன். வயிறு சரியில்லையா என்று குல் விசாரித்தார்.

மதியம் மரியம் என்னைப் பெண்கள் பகுதிக்குச் சாப்பிட அழைத்திருந்தார். கீழே விரிப்பு, நடுவே தாம்பாளம், அதில் சோறும் ஆட்டுக்கறியும். பிரியாணிக்குப் பங்காளி முறை என்று பார்த்ததும் தெரிந்தது. மிளகாய் மட்டும் பாகம் பிரித்துக்கொண்டு போய்விட்டது. உலர்ந்த எலுமிச்சையைப் போட்டு வேக வைக்கிறார்கள். அந்தப் புளிப்புக்கு இரண்டு முறை சோறு வாங்கினேன். நல்ல துண்டெல்லாம் மரியம் என் பக்கமே தள்ளினார். பம்பாயில் பல மழைக்காலம் இருந்தவராதலால் அவர் இந்தி என்னுடையதைவிடப் பலமடங்கு மேல்.

இங்கே சிவக்கவே சிவக்காதா என்றுதான் முதலில் கேட்டார். தோப்பில் பார்த்த மாதுளையைச் சொன்னேன். அந்தத் தோப்பு அவருடைய மாமாவுடையதாம். சிறுவயதிலிருந்து அங்கே போகிறார். மஞ்சளாவதைக் கவனித்ததில்லை என்றார். பழம் முடிந்தபின் மாதுளையை யார் பார்ப்பார்கள்? உங்கள் மண்ணுக்கு நிறம் மாற்றத் தெரியும், ஐப்பசியிலிருந்து தண்ணீரைக் குறைத்துப் பாருங்கள் என்றேன். குன்னூர் அளவுக்கு என்று சத்தியம் செய்யமாட்டேன் என்றும் சொன்னேன்.

இந்தச் செடிமேல் அப்படியென்ன ஆசை என்று கேட்டேன்.

"எங்கள் ஊரில் ஒன்று பச்சையாக இருக்கும், இல்லாவிட்டால் செத்திருக்கும். சாகாமல் நிறம் மாறுவதை உங்கள் வேலியில்தான் பார்த்தேன்" என்றார்.

பிறகு, இது தூங்குகிற மாதங்களில் தோட்டக்காரனுக்கு என்ன வேலை என்று அவராகவே கேட்டார்.

தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. எந்த வேலையும் இல்லை, வாரத்துக்கு ஒருமுறை ஒரு குடம் தண்ணீர், அதை யாரும் ஊற்றலாம், ஆளும் கூடவே தூங்கலாம் என்றேன். பேரீச்சைக்கும் எலுமிச்சைக்கும் கம்பெனி ஆள் ஒருவரை விட்டால் போதும். அப்படியே அந்தக் குழந்தை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அவர் வேலையை விட விரும்பவில்லை, ஒருமுறை தூக்கிப் பார்க்க விரும்புகிறார், அவ்வளவுதான் என்றேன். குழந்தை தவழ்கிறதா என்று மரியம் கேட்டார். தவழ்கிறது என்றேன். எழுந்துபோய் ஹமத்தை அழைத்து வந்தார்.

ஹமத் லேசில் இறங்கவில்லை. அவருடைய கவலையிலும் நியாயம் இருந்தது. ஒருவனுக்கு இரண்டு வருஷம் முடியாமல் லீவு கொடுத்தால் நாளைக்கு சைட் முழுவதும் கதவுக்கு வெளியே நிற்கும், அவர்களுக்கும் குழந்தைகள் இல்லையா என்றார். மரியம்தான் பேசினார். அரபியில் பேசியதை எனக்காக மறுபடி இந்தியில் சொன்னார்: "சிமெண்ட் இலை உதிர்ப்பதில்லை. செடி உதிர்க்கிறது. செடி லீவில் போனால் செடிக்காரனும் போகிறான். இதை யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும், அவர்களும் தோட்டக்காரர்களாக இருந்தால்."

ஹமத் தாடியைத் தடவிக்கொண்டார். துளிர் விடும்போது ஆள் இங்கே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் பொறுப்பு என்று என்னிடம் சொன்னார். பொறுப்பு என்றேன். முன்பின் தெரியாத ஆளுக்கு இப்படி ஜாமீன் நிற்கிறோமே என்று பிறகுதான் தோன்றியது.

நான்காம் நாள் முனியாண்டிக்குக் கவாத்து காட்டிக் கொடுத்தேன். குறுக்குக் கிளைகளை எடுத்து, செத்த இரண்டையும் பிடுங்கி, அந்த இடத்தில் உப்பு மண்ணை வாரிக் கொட்டினோம். அவர் வாய் ஓயவில்லை. குழந்தைக்கு வைத்த பெயர், வைக்க நினைத்த பெயர், மாமனார் குறுக்கே நின்றது, எல்லாம் அந்தப் பதினெட்டுச் செடிகளுக்குள் சொல்லி முடித்தார்.

பம்பாய் விமானத்தில் எனக்குப் பக்கத்து சீட் அவருக்கு. மடிமேல் குழந்தைக்கு ஒரு கம்பளிக் கரடிப் பொம்மை. பெட்டியில் வைத்தால் நசுங்கிவிடுமாம். சாப்பாடு வந்தபோது கரடியை என்னிடம் கொடுத்தார், என் சாப்பாடு வந்தபோது திரும்ப வாங்கிக்கொண்டார். சொன்னபடி மாசிக் கடைசியில் திரும்பிப் போய்விட்டார் என்று பிறகு ரவி மூலம் கேள்விப்பட்டு, நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

அடுத்த வருஷம் தை பிறந்தபின் ஹமத்தும் மரியமும் மறுபடி குன்னூர் வந்தார்கள். எங்கள் வேலியும் அப்போது மொட்டையாகத்தான் நின்றது. நிறம் வந்ததா என்று நான் கேட்க வாயெடுப்பதற்குள் மரியம் சொல்லத் தொடங்கினார். சிவப்பு என்று சொல்லமுடியாதாம். காய்ச்சிய செம்புப் பாத்திரத்தின் நிறம். அக்கம்பக்கத்தவர் எல்லாரும் வந்து பார்த்தார்களாம். பாதிப் பேர் அழகென்றார்களாம். மீதிப் பேர் செடிக்கு நோய் வந்திருக்கிறது, மருந்தடியுங்கள் என்றார்களாம். ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வடக்கிலிருந்து காற்று வந்து ஒரே ராத்திரியில் உதிர்த்துவிட்டது. அந்த ஒரு வாரமும் காலைச் சாப்பாடு தோட்டத்தில்தான் என்றார்.

முனியாண்டி எப்படி இருக்கிறார் என்று ஹமத்திடம் கேட்டேன். அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"காற்றடித்த மறுநாள் காலை கதவைத் திறந்தால் பெட்டியோடு நிற்கிறான். ஒரு செடியில் இன்னும் இரண்டு இலை இருந்தன. அது விழட்டும், அப்புறம் போகலாம் என்றேன். அவன் நேரே போய் இரண்டையும் கிள்ளிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான்."